வாசகர் கேள்வி: மதத்தில்தான் கோளாறா?

கேள்வி: எங்கே குண்டு வெடித்தாலும் இஸ்லாம் பெயர்தான் அடிபடுகிறது. அந்த மதத்திலேயே கோளாறா? நாடுகள் என்னதான் செய்ய வேண்டும்?

பதில்: 2017 நவம்பரில் எகிப்தின் சினாய் பகுதியில், அல் ரவ்தா மசூதியில் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குக் கூடியிருந்தவர்களைச் சுற்றி வளைத்துச் சுட்டார்கள். குழந்தைகள் உட்பட 300க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சுட்டவர்கள் கையில் ஐ.எஸ். (‘இஸ்லாமிய அரசு’ என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் பயங்கரவாத அமைப்பு) கொடி. செத்தவர்களும் முஸ்லிம்கள்தானே, அப்புறம் எப்படி மொத்த மதத்தையும் கூண்டில் ஏற்றுவது?

அதற்காக மதத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று தட்டிக் கழிப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. வசனங்களைத் தங்களுக்கு வேண்டியபடி வெட்டி எடுத்துக் காட்டித்தான் ஆள் சேர்க்கிறார்கள், அதனால்தான் 2014இல் 120க்கும் மேற்பட்ட இஸ்லாமிய அறிஞர்கள் ஐ.எஸ். தலைவர் பக்தாதிக்குத் திறந்த கடிதம் எழுதி, அப்பாவிகளைக் கொல்வது இஸ்லாத்தில் தடை என்று மார்க்க ஆதாரத்தோடு மறுத்தார்கள். அந்தக் குரல்களுக்கு அரசுகள் காது கொடுக்க வேண்டும்.

சரி, நாடுகள்? பயங்கரவாதிகளுக்குப் போகும் பண வரத்தைத் தடுத்து நிறுத்துங்கள், குற்றவாளியைப் பிடித்து நீதிமன்றத்தில் நிறுத்துங்கள். அப்படிச் செய்யாமல், கியூபாவில் உள்ள அமெரிக்கச் சிறையான குவாண்டனாமோவில் பயங்கரவாதச் சந்தேகத்தில் சுமார் 780 பேரை அடைத்தார்கள், பெரும்பாலோர் மீது கடைசிவரை வழக்கே இல்லை. அங்கே கைதிகளுக்கு மாட்டிய அதே ஆரஞ்சு நிற உடையைத்தான் ஐ.எஸ். பின்னாளில் தன் பிணைக்கைதிகளுக்கு மாட்டி, கழுத்தறுத்து வீடியோ வெளியிட்டது.