எண்ணெய் பூசினா செத்துடுவாங்களா?

வணக்கம் சார். பாட்டிக்கு ஸ்ட்ரோக் வந்து படுக்கையில இருக்காங்க. ஃபாதரைக் கூப்பிட்டு, கத்தோலிக்கக் கோயில் வழக்கப்படி நோயாளிக்கு ஜெபம் பண்ணி எண்ணெய் பூசலாம்னா, "இப்பவே வழியனுப்பணுமா"ன்னு மாமா கத்துறாரு. பக்கத்து வீட்டுக்காரர் இதெல்லாம் கோயில் அபிஷேகத்தைப் பாத்து காப்பி அடிச்சதுங்கறாரு. இந்த வழக்கம் எங்கேர்ந்து சார் வந்துச்சு? ஜெபக்கூட்டத்துல பாட்டில்ல விக்கிற எண்ணெய் வாங்கலாமா?
- ஒரு வாசகி, நெல்லித்தோப்பு

அன்புள்ள மா,

பாட்டில் எண்ணெய் வாங்காத, அவ்வளவுதான். யார் யாரைக் காப்பி அடிச்சாங்கங்கறதும் வெட்டிப் பேச்சு. பைபிள்ல யாக்கோபு தலைக்கு வெச்சுப் படுத்த கல்லை நட்டு அதுமேல எண்ணெய் ஊத்துறான், நம்மளும் கல்லுக்கு எண்ணெய்க்காப்பு சாத்துறோம், ஒருத்தரை ஒருத்தர் பாத்துதான் செஞ்சிருக்கணும்னு ஒண்ணும் இல்ல, ஏன்னா எண்ணெய் முதல்ல உடம்பு சமாச்சாரம், சாமிக்குப் போனது அப்புறம்தான். சோப்பு இல்லாத காலத்துல தோலுக்கும் புண்ணுக்கும் விளக்குக்கும் அதேதான். இயேசு சொன்ன கதையில நல்ல சமாரியன் அடிபட்டவனுக்கு எண்ணெயும் திராட்சை ரசமும் வார்த்துதானே கட்டுப்போடுறான்? கடவுள் மோசேக்குச் சொன்ன தைலத்துல வெள்ளைப்போளம் 500 சேக்கல் (அந்தக் கால எடை), கருவாப்பட்டை 250, வசம்பு 250, படிச்சா நாட்டுமருந்துக் கடை சீட்டு மாதிரியே இருக்கும். 1945-ல தொல்லியல்காரர் வீலர் தோண்டின, புதுச்சேரி பக்கத்து அரிக்கமேட்டுல கிடைச்ச ஜாடித் துண்டுங்கள்ல ஒலிவ எண்ணெய் வந்த ஜாடியும் உண்டு. அது கிடக்கட்டும்.

எனக்குக் கோவம் உன் மாமா மேலதான். "அவஸ்தைப்பூசுதல்"னு பேர் வெச்சு சாவோட முடிச்சுப்போட்ட காலம் மலையேறிப் போச்சும்மா. 1972-லயே போப் ஆறாம் பவுல் தெளிவா மாத்திட்டாரு, நெத்தியிலயும் கையிலயும் பூசுனா போதும், ஒலிவ எண்ணெய் இல்லேன்னா வேற தாவர எண்ணெய் ஆகும், பெரிய ஆபரேஷனுக்கு முன்னாடி பூசலாம், நோய் முத்துனா மறுபடியும் பூசலாம். பொழைக்கணும்னு வேண்டித்தான் பூசறது! நீங்க என்னடான்னா மூச்சு இழுக்கற வரைக்கும் காத்திருந்து, நடுராத்திரி ஃபாதர் வீட்டுக் கதவைத் தட்டுவீங்க.

எங்க சைடும் யோக்கியம் இல்ல. கடலூர் ஓல்டு டவுன்ல எங்க ஆயா படுக்கையில கிடந்தப்போ அத்தை ஒருத்திதான் வெள்ளிக்கிழமை தவறாம இரும்புக் கரண்டியில நல்லெண்ணெய் காய்ச்சி, மிளகு போட்டு, அது வெடிச்சதும் எறக்கி, ஆற வெச்சு, குதிகால் வெடிப்புல கட்டைவிரலால அழுத்தித் தேய்ப்பாங்க. பேச்சு நின்னு போன ஆயா, ஒரு கால் முடிஞ்சதும் அடுத்த காலை தானே நகத்தும். செத்த அன்னிக்குப் பாக்கணுமே, சொந்தக்காரங்க மொத்தமும் வரிசையில நின்னு தலையில எண்ணெய் சீயக்கா வெச்சாங்க. "உசுரோட இருந்தப்ப ஒருத்தி தொட்டாளா"ன்னு அத்தை போட்ட சத்தத்துல மேளக்காரங்களே நிறுத்திட்டாங்க. இன்னிக்கும் அத்தை பக்கம்தான் நான்.

அதனால ஃபாதருக்கு இன்னிக்கே போன் பண்ணு. டாக்டரைக் கேட்டுட்டு பாட்டி காலுக்கு நீயும் எண்ணெய் தேய்ச்சு விடு, ஸ்ட்ரோக் வந்த பக்கம் சூடு தெரியாம இருக்கலாம், காய்ச்சின சூட்டோட அப்படியே வெச்சிடாத. ஃபாதர் வர்றப்ப மாமாவை ரூம்லயே உக்கார வை, இல்லேன்னா வாசல்ல நின்னு போன் பேசிக்கிட்டு இருப்பாரு.