ஹானி மக்களோட, ஆக்கா மக்களோட கதைகள்ல சூரியனும் சந்திரனும் எப்படி வர்றாங்க?

ஹானிங்க இருக்கிறது சீனாவோட யுன்னான் மலைப்பக்கம், அவங்களோட சொந்தக்காரங்களான ஆக்காக்கள் தாய்லாந்து, மியான்மர், லாவோஸ் வரைக்கும் பரவி இருக்காங்க, பழங்காலத்துல இருந்தே எழுத்து கிடையாது, கதையெல்லாம் பூசாரிங்க வாய்வழியா பாடிப் பாடித்தான் வந்துச்சு.

ஹானி படைப்புக் கதைல ஆரம்பத்துல வெறும் மூடுபனியும் கடலும்தான், அதுல ஒரு பிரம்மாண்டமான மீன், அது துடுப்பை வீசினதுல வானமும் பூமியும் உண்டாச்சு, உடம்பைச் சிலுப்புனப்போ செதிலுக்குள்ள இருந்து சூரிய தெய்வமும் சந்திர தெய்வமும் வெளிய வந்தாங்களாம்! எனக்கு ரொம்பப் பிடிச்சது ஊஞ்சல் கதைதான். ஒரு காலத்துல சூரியனும் சந்திரனும் இஷ்டத்துக்கு வந்து போக, பயிர் விளையல, அப்போ ஒரு அண்ணனும் தங்கச்சியும் ஊஞ்சல்ல வானத்துக்கே ஆடிப் போய், ஒழுங்கா நேரத்துக்கு வாங்கன்னு பேசி சம்மதிக்க வெச்சாங்களாம். மலைச்சரிவுல படிப்படியா வயல் வெட்டி நெல்லு போடுறவங்களுக்கு வெயில் நேரத்துக்கு வர்றது எவ்ளோ முக்கியம்னு யோசிச்சுப் பாருங்க.

ஹானிங்க குஜாஜாங்கிற அவங்களோட திருவிழால இன்னைக்கும் ஊஞ்சல் ஆடுறாங்க. ஆனா அதுக்கு வேற காரணமும் சொல்வாங்க: வயல் வெட்டும்போது செத்த புழு பூச்சிங்க வானக் கடவுள்கிட்ட முறையிட, அதுங்களைச் சமாதானப்படுத்த, மனுஷங்க தொங்கித் தண்டனை அனுபவிக்கிற மாதிரி காட்டத்தான் ஊஞ்சலாம். தாய்லாந்து ஆக்காக்கள் ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் வாக்குல நாலு பெரிய கம்பத்தை நட்டு உச்சில சேத்துக் கட்டி ஆடுவாங்க, அங்க அது முக்கியமா பெண்களோட திருவிழா.