சிக்குன்குனியாவுக்குப் பின் விடாத மூட்டுவலி

வணக்கம் சகோதரி. அம்மாவுக்குச் சிக்குன்குனியா வந்து நாலு மாதமாகியும் விரல்கள் மடங்கவில்லை, இது முடக்குவாதமா, அதாவது உடலின் எதிர்ப்பு சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோயா என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு மாதக்கணக்கில் வலி இருப்பது உண்டு. பலருக்கு மெல்லக் குறைந்துவிடும். சிலருக்கு மட்டும், வைரஸ் கிளப்பிவிட்ட எதிர்ப்பு சக்தி அடங்காமல் மூட்டையே தாக்குகிறது. என் அம்மா காலையில் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் காபி குடிப்பார், பார்க்கவே மனசு தாங்காது.

காலை இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறதா, விரல் கணுக்கள் வீங்கியிருக்கின்றனவா பாருங்கள். இருந்தால் தள்ளிப்போடாமல் மூட்டுவாத மருத்துவரிடம் காட்டி, முடக்குவாதத்தைக் கண்டறிய உதவும் ஆன்டி சிசிபி என்ற ரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். முடக்குவாதத்துக்காகச் செய்யும் இன்னொரு ரத்தப் பரிசோதனையான ஆர்.ஏ. ஃபேக்டர் மட்டும் பாசிட்டிவ் என்றால் பயந்துவிடாதீர்கள், வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகும் அப்படி வரலாம். அப்புறம், மருந்துக்கடையில் நீங்களாகவே ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள்.