உரிமம் பெற்ற பிஸ்டலில் டிரிக்கர் பாகங்களை நாமே வாங்கி மாட்டலாமா?

கேள்வி கேட்டிருப்பவர் தென்காசிப் பக்கத்துக்காரர். அமெரிக்காவில் வசிக்கும் அவருடைய மைத்துனர், தமது கிளாக் பிஸ்டலுக்கு வேறொரு நிறுவனம் தயாரித்த டிரிக்கர் பாகங்களை இணையத்தில் வாங்கித் தாமே மாட்டிக்கொண்டதாகவும், அதன் பிறகு டிரிக்கர் இலகுவாகிக் குறியும் கூடிவிட்டதாகவும் சொல்லியிருக்கிறார். தம்மிடம் தாத்தா காலத்து .32 பிஸ்டல் ஒன்று உரிமத்துடன் இருப்பதால், அதன் கடினமான டிரிக்கருக்கும் அப்படிச் செய்யலாமா என்பது இவருடைய கேள்வி.

நான் காவல்துறை ஆயுதப்படையில் 24 ஆண்டுகள் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பராமரித்துப் பழுது பார்ப்பவனாக வேலை பார்த்தவன். பெரும்பகுதி மணிமுத்தாற்றில் கழிந்தது. ஓய்வு பெற்ற பிறகு பாளையங்கோட்டையில் உரிமம் பெற்ற ஒரு துப்பாக்கிக் கடையில் வாரத்துக்கு மூன்று நாள் பழுது பார்க்கிறேன். உங்கள் கேள்விக்கு என் பதில், நீங்களே மாட்டக் கூடாது என்பதுதான். ஆனால் அதற்கான காரணம் சட்டத்தோடு முடிந்துவிடுவதில்லை என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் ‘ஆயுதம்’ என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களும் அடங்கும். அதே சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி, ஆயுதங்களைப் பழுது பார்க்கவும் மாற்றியமைக்கவும் தனி உரிமம் வேண்டும். 10-ஆம் பிரிவின்படி, வெளிநாட்டிலிருந்து தருவிக்கவும் உரிமம் வேண்டும். உங்கள் கையில் இருப்பது ஆயுதத்தை வைத்துக்கொள்வதற்கான உரிமம். அதைக் கொண்டு துடைக்கலாம், எண்ணெய் இடலாம். மைத்துனர் அன்பாகப் பெட்டியில் போட்டு அனுப்பும் ஒரு சிறு பாகமும் சுங்கத்தில் உங்களை நிற்க வைத்துவிடும். அவர் இருக்கும் நாட்டில், பெரும்பாலான மாநிலங்களில், சொந்தப் பிஸ்டலின் டிரிக்கர் பாகங்களை உரிமையாளரே மாற்றிக்கொள்வது சட்டத்துக்கு உட்பட்டது. ஆகவே அவர் செய்ததில் தவறில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் சுத்தியலை நம் ஊர்ப் பெரியவர்கள் ‘குதிரை’ என்பார்கள். குதிரை பின்னால் இழுபட்டு நிற்கும்போது அதைப் பிடித்து வைத்திருப்பது சியர் என்ற சிறிய இரும்புத் துண்டு. குதிரையில் வெட்டப்பட்ட பல்லில் சியரின் நுனி பதிந்திருக்கும் ஆழம் அரை மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். நீங்கள் டிரிக்கரை இழுக்கும்போது, முதலில் எதிர்ப்பில்லாத வெற்று ஓட்டம் கொஞ்சம் வரும். பிறகு சியர் அந்தப் பல்லிலிருந்து வழுக்கி விலகும். விரலில் நாம் உணரும் கடினம் என்பது, ஸ்பிரிங்குகளின் அழுத்தம், உரசும் பரப்புகளின் சொரசொரப்பு, சியர் பதிந்திருக்கும் ஆழமும் கோணமும் ஆகிய எல்லாம் சேர்ந்த கணக்கு. சந்தையில் விற்கும் பாகங்கள் எவையானாலும் இவற்றில் ஒன்றையோ பலவற்றையோதான் குறைக்கின்றன. குறைக்கும் இடத்தில் துப்பாக்கி வேறெதையோ விட்டுக்கொடுக்கிறது.

குதிரையின் ஸ்பிரிங்கை மென்மையாக்கினால் டிரிக்கர் உடனே இலகுவாகும். ஆனால் தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் கேப்பைத் தட்டும் வேகமும் அதே ஸ்பிரிங்கிலிருந்துதான் வருகிறது என்பதால், கேப்பில் லேசான பள்ளம் மட்டும் விழுந்து தோட்டா வெடிக்காமல் நின்றுவிடும். போட்டியில் அப்படி நின்றால் மதிப்பெண்தான் போகும். தற்காப்புக்கு வைத்திருப்பவருக்கு என்ன போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மைத்துனரின் கிளாக்கில் பொதுவாக மாற்றப்படுவது கனெக்டர் என்ற வளைந்த தகடு. அதன் கோணத்தைச் சற்று மாற்றினால், நிறுவனம் 5.5 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 2.5 கிலோ என்று வைத்திருக்கும் இழுப்பு (டிரிக்கரை இழுக்கத் தேவையான பலம்), 3.5 பவுண்டுக்கு, அதாவது 1.6 கிலோ அளவுக்கு இறங்கும் என்று அந்த வகைப் பாகங்களை விற்பவர்கள் குறிப்பிடுகிறார்கள். கழற்றி மாட்டுவதற்கு எளிதான அமைப்பு அது. உங்கள் தாத்தாவின் பிஸ்டல் அப்படிப்பட்டதல்ல. அந்தக் காலத்துப் பிஸ்டல்களில் சியரையும் குதிரையையும் ஒன்றுக்கொன்று கையால் தேய்த்துப் பொருத்துவது உண்டு. அதே மாதிரிப் பிஸ்டலிலிருந்து கழற்றிய சியரும் இதில் அப்படியே உட்காரும் என்று நம்ப முடியாது.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு பெரியவர் கடைக்கு வந்தார். அவர் கொண்டுவந்ததும் வெளியே குதிரை தெரியும் ஒரு பழைய .32 பிஸ்டல்தான். “ஏட்டய்யா, பட்டறையில ஒரு பையன்ட்ட குடுத்துத் தேய்ச்சேன். இப்போ தொட்டாலே போதும், பூ மாதிரி இருக்கு, பாருங்க” என்று பெருமையாகவே நீட்டினார். நான் தோட்டாக்களை அடுக்கும் மேகசினைக் கழற்றி, பிஸ்டலின் மேலே முன்பின் நகரும் ஸ்லைடை இழுத்து, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறைக்குள் விரலை விட்டுக் காலி என்று உறுதி செய்துகொண்ட பிறகு, குதிரையை ஏற்றி, டிரிக்கர் பக்கமே விரலைக் கொண்டுபோகாமல், ஸ்லைடின் பின்புறத்தில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினேன். குதிரை டக்கென்று விழுந்தது. மறுபடி ஏற்றினேன், மேசை விளிம்பில் கைப்பிடியை மெல்ல இடித்ததற்கே விழுந்தது. பெரியவர் முகம் வெளுத்துவிட்டது. முந்தின இரவு வரை அறைக்குள் தோட்டாவோடு அதைப் பீரோவில் வைத்திருந்திருக்கிறார். அந்தப் பீரோ இருக்கும் அறையில்தான் பேரப்பிள்ளைகள் தூங்குவார்களாம்.

பிரித்து, வெள்ளை வேட்டித் துணியின்மேல் சியரை வைத்து, பூதக்கண்ணாடியில் பார்த்தோம். கத்தி முனைபோல் நேராக இருக்க வேண்டிய விளிம்பு, ஆற்றுக் கூழாங்கல்போல் உருண்டு பளபளத்தது. உப்புத்தாளைக் கொண்டு தேய்த்திருக்கிறான் அந்தப் பையன். அதைவிட மோசமானது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. பல சியர்களில் மேற்பரப்பு மட்டுமே கடினப்படுத்தப்பட்டிருக்கும். அந்த மெல்லிய தோலைத் தேய்த்துவிட்டால் அடியிலிருக்கும் மெத்து இரும்பு ஒவ்வொரு சூட்டுக்கும் தேய்ந்துகொண்டே போகும். தேய்த்த அன்று சரியாகத் தோன்றும் டிரிக்கர், ஐம்பது சூட்டுக்குப் பிறகு ஆபத்தாக மாறுவது இப்படித்தான். அந்தப் பையன்மேல் எனக்குக் கோபமில்லை. கைத்திறமை உள்ள பையன்தான்; ஆனால் இந்தத் துண்டு எதைப் பிடித்து வைத்திருக்கிறது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

இலகுவான டிரிக்கர் எப்போதும் ஆபத்து என்றும் நான் சொல்ல வரவில்லை. 2017-இல் சிக் சாயர் என்ற துப்பாக்கி நிறுவனம் தன் பி320 பிஸ்டலுக்கு ஒரு மாற்றத்தை அறிவித்தது. குறிப்பிட்ட கோணத்தில் கீழே விழுந்தால் அது தானே வெடிக்கலாம் என்று தெரியவந்திருந்தது. கனமான டிரிக்கர், விழுந்த வேகத்தில் தன் எடையாலேயே பின்னோக்கி ஓடியது காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. திருத்தத்தில் எடை குறைந்த டிரிக்கரையும் சியரையும் வைத்தார்கள். இழுக்கும் பலம் வேறு, பாகத்தின் எடை வேறு. இந்த வேறுபாட்டைத் தொழிற்சாலையில் இருப்பவர்களே சோதித்துச் சோதித்துத்தான் கற்கிறார்கள் என்னும்போது, வீட்டு மேசையில் ஒரு பாகத்தை மாட்டிவிட்டு இரண்டு முறை டிரிக்கரை இழுத்துப் பார்த்துத் திருப்தி அடைவது போதாது.

பாதுகாப்புப் பாகங்களைக் கழற்றுவதையும் இங்கேயே சொல்ல வேண்டும். மேற்கு வங்கத்தின் ஈஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் தயாராகும் 9 மி.மீ. பிஸ்டலை நாங்கள் நிறையக் கையாண்டிருக்கிறோம். அது பிரவுனிங் ஹை-பவர் வடிவம். மேகசின் உள்ளே இல்லாவிட்டால் டிரிக்கர் வேலை செய்யாது. அதற்கென்று டிரிக்கரோடு சேர்ந்த ஒரு சிறு முளை, மேகசினின் முன்முகத்தில் உரசிக்கொண்டே இருக்கும். அந்த உரசலால்தான் அதன் டிரிக்கர் சொரசொரவென்றிருக்கிறது. முளையைக் கழற்றிவிட்டால் அருமையாக இருக்கும் என்று பலர் சொல்வார்கள், அது உண்மையும்கூட. ஆனால் மேகசினைக் கழற்றியவுடன் துப்பாக்கி காலி என்று நினைத்து, அறைக்குள் இருக்கும் தோட்டாவை மறப்பவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அவர்களைக் காப்பது அந்த முளை. மேகசினின் முன்முகத்தை நன்றாகத் துடைத்து வழவழப்பாக வைத்தாலே டிரிக்கர் கணிசமாகத் திருந்திவிடும்.

உங்கள் மைத்துனர் ஏற்கெனவே மாட்டிவிட்டார் என்பதால் அவருக்கும் சில வார்த்தைகள். வீட்டில் தோட்டா எதுவும் வைக்காத ஓர் அறையில் பிஸ்டலைக் காலி செய்து, ஸ்லைடை இருபது முறையாவது முழு வேகத்தில் மூடவிட்டு, ஒவ்வொரு முறையும் ஸ்டிரைக்கர் (கிளாக்கில் குதிரைக்குப் பதிலாக உள்ளே இருக்கும் ஊசி) பின்னால் பிடிபட்டு நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு முறை பிடிபடாவிட்டாலும் பழைய பாகத்தைத் திரும்ப மாட்டிவிட வேண்டும். டிரிக்கரை அழுத்திப் பிடித்தபடியே ஸ்லைடை இழுத்துவிட்டு, பிறகு விரலை மெல்லத் தளர்த்தினால், ‘டிக்’ என்று டிரிக்கர் தன் இடத்துக்குத் திரும்புவது விரலிலும் காதிலும் தெளிவாகத் தெரிய வேண்டும். களத்தில் முதன்முதலில் சுடும்போது மேகசினில் இரண்டு தோட்டாக்களுக்கு மேல் போடக் கூடாது. ஒரு இழுப்புக்கு இரண்டும் போனால் அன்றே நிறுத்திவிட்டு ஆர்மரரிடம் கொண்டுபோக வேண்டும். கழற்றிய பழைய பாகங்களை ஒரு உறையில் போட்டுப் பெயர் எழுதி வைத்திருக்கட்டும்.

உங்கள் பிஸ்டலுக்கு வருவோம். நாற்பது ஐம்பது ஆண்டு எண்ணெய் உள்ளே பிசினாக உறைந்திருந்தால், எந்த டிரிக்கரும் கடினமாகத்தான் இருக்கும். ஐப்பசி மழைக்காலத்தில் நம் மலையடிவார ஊர்களில் தோல் உறைக்குள்ளேயே வைக்கப்பட்ட துப்பாக்கிகளில் துரு எப்படிப் பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். உரிமம் பெற்ற கடையில் கொடுத்து முழுதாகப் பிரித்துக் கழுவி, சோர்ந்துபோன ஸ்பிரிங்குகளுக்குப் பதிலாக அதே பலமுள்ள புதியவற்றைப் போடச் சொல்லுங்கள். கடைக்காரர் முன்னிலையிலேயே இழுப்பை அளந்து பாருங்கள். குழலை வானம் பார்க்கச் செங்குத்தாகப் பிடித்து, டிரிக்கரில் எடைக்கல்லைத் தொங்கவிட்டு, குதிரை விழாமல் டிரிக்கர் தாங்கும் எடை எவ்வளவு என்று பார்க்கும் முறை எளிது. போட்டிகளிலும் அப்படித்தான் சோதிக்கிறார்கள்: 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்குக் குறைந்தது 500 கிராம், 25 மீட்டர் பிஸ்டலுக்குக் குறைந்தது 1000 கிராம் தாங்க வேண்டும். வீட்டில் வைத்திருக்கும் பிஸ்டல் இரண்டு கிலோவுக்குக் கீழே போக வேண்டும் என்று நான் ஒருபோதும் ஆலோசனை சொல்ல மாட்டேன்.

குறி தவறுவதற்கு டிரிக்கரைவிட விரலே பெரிய காரணம். குறிபார்க்க உதவும் முன் குறிக்கும் பின் குறிக்கும் இடையே 16 செ.மீ. தூரம் இருக்கும் பிஸ்டலில், இழுக்கும் நேரத்தில் முன் குறி ஒரு மில்லிமீட்டர் அசைந்தால் 10 மீட்டரில் அடி ஆறு சென்டிமீட்டர் விலகும். தோட்டாக்களை வேறு அறையில் பூட்டி வைத்துவிட்டு, அறைக்குள் டம்மி தோட்டா போட்டு, ஸ்லைடின்மேல் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்து, அது விழாமல் டிரிக்கரை இழுக்கப் பழகுங்கள். தினமும் பத்து நிமிடம், ஒரு மாதம் செய்யுங்கள். அதற்குப் பிறகும் டிரிக்கர் கடினம் என்று தோன்றினால், கடையில் அளந்த எடையை இங்கே எழுதுங்கள். எந்த இடத்தில் உரசல் இருக்கக்கூடும் என்று அப்போது சொல்கிறேன்.