பூச்சி கிளம்பும் நேரத்தில் எந்த ட்ரை ஃப்ளையைக் கட்டுவது?

கேள்வி: ஏப்ரல் கடைசியில் நியூயார்க் கேட்ஸ்கில் மலைப்பக்கம் முதல்முறை ட்ராவுட் மீன் பிடிக்கப் போகிறேன். ஆற்றின்மேல் பூச்சிகள் பறக்கும்போது, அதற்கேற்ற ட்ரை ஃப்ளையை எப்படித் தேர்ந்தெடுப்பது?

ட்ரை ஃப்ளை என்பது தூண்டில் முள்ளில் இறகும் ரோமமும் கட்டி, பூச்சிபோல நீர்மேல் மிதக்கச் செய்த பொய் இரை. போனதும் அது இருக்கும் பெட்டியைத் திறக்காதீர்கள். கரையில் உட்கார்ந்து பத்து நிமிடம் ஒரே ஒரு மீனை மட்டும் பாருங்கள். என்ன பூச்சி பறக்கிறது என்பதைவிட, அந்த மீன் பூச்சியை எந்த நிலையில் தின்கிறது என்பதுதான் முக்கியம். எனக்கு இது புரியவே சில வருடங்கள் ஆயின.

நம் ஊரில் மழை விட்ட மாலையில் ஈசல் கிளம்புமே, இந்த ஆறுகளில் கிளம்பும் மேஃப்ளை என்ற பூச்சியும் பார்வைக்கு அப்படித்தான். ஆனால் இது வருவது மண்ணிலிருந்து அல்ல, ஆற்றின் அடியிலிருந்து. கல்லிடுக்கில் வளர்ந்த இளம்பூச்சி நீந்தி மேலே வரும். நீர்ப்பரப்பை ஒட்டித் தோலைக் கிழித்து வெளியேறி, சிறகு காயும்வரை மிதந்துவிட்டு மரத்துக்குப் பறக்கும். அங்கே இன்னொரு முறை தோலுரித்து, கண்ணாடிச் சிறகோடு ஆற்றுக்குத் திரும்பி, இணைசேர்ந்து முட்டையிட்டு, சிறகை விரித்தபடி தண்ணீரில் விழுந்து சாகும். தோலைக் கிழித்து வெளிவருவது, சிறகு காய மிதப்பது, செத்து விழுவது: மீனுக்கு இவை மூன்றும் தனித்தனி உணவு.

நீங்கள் போகும் சமயத்தில் அங்கே எல்லாரும் காத்திருப்பது ஹெண்ட்ரிக்சன் என்ற மேஃப்ளைக்கு. தண்ணீர் 10 டிகிரி செல்சியஸை ஒட்டி வந்ததும், பெரும்பாலும் மதியம் இரண்டு மணி வாக்கில் கிளம்பும். அதே பெயருள்ள ஃப்ளையை 1916-இல் கட்டியவர் ராய் ஸ்டீன்ராட். இன்றும் அந்த ஆறுகளில் அது நன்றாக வேலை செய்கிறது.

ஆனாலும் அதே ஃப்ளையோடு ராஸ்கோ ஊருக்குக் கீழே பீவர்கில் ஆற்றில் ஒரு மதியம் முழுக்க வெறுங்கையோடு நின்றிருக்கிறேன். சாம்பல் சிறகோடு பூச்சிகள் வரிசையாக மிதந்து வந்தன, மீன்களும் விடாமல் எழும்பின. 14-ஆம் எண் (முள்ளின் அளவு) கட்டினேன், 12 கட்டினேன், 16 கட்டினேன். ஒன்றுகூடத் தொடவில்லை. கை ஓய்ந்து நின்றபோதுதான் கவனித்தேன்: ஒரு மீனின் தலைக்கு நேர்மேலே மூன்று பூச்சிகள் மிதந்து போயின, அது சீண்டவே இல்லை. அடுத்த நொடி அதன் முதுகு மட்டும் தண்ணீரைக் கிழித்து எழுந்து அடங்கியது. வாய் வெளியே வரவில்லை, குமிழியும் இல்லை. மேலே மிதப்பதை அது தின்னவில்லை. தோலிலிருந்து பாதி வெளிவந்து, பறக்க முடியாமல் பரப்புக்குக் கீழே தொங்குவதைத் தின்றுகொண்டிருந்தது.

கையிலிருந்த ஃப்ளையின் அடிப்பக்கச் சேவல் இறகைக் கத்தரியால் நறுக்கினேன். நிமிர்ந்து நின்றது இப்போது வயிறு நனையப் படுத்தது. இரண்டாம் வீச்சிலேயே கவ்விவிட்டது. சாணுக்கு மேல், முழத்துக்குக் கொஞ்சம் குறைவான பிரவுன் ட்ராவுட். முள்ளைக் கழற்றி, தண்ணீரிலிருந்து தூக்காமலே விட்டேன். அந்த மஞ்சள் வயிறு இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதனால் மீன் எழும்பும் விதத்தைப் படியுங்கள். எழும்பிய இடத்தில் குமிழி மிதந்தால் அது பரப்பிலிருந்து எடுக்கிறது. நிமிர்ந்து மிதக்கும் ஃப்ளை போதும். முதுகு மட்டும் தெரிந்தால் என் கத்தரி வைத்தியம், அல்லது மான் ரோமச் சிறகு வைத்த காம்பராடன். அந்தி நேரத்தில் சத்தமின்றி உறிஞ்சினால் சிறகு விரித்த ரஸ்டி ஸ்பின்னர். சளார் என்று தண்ணீர் தெறித்தால் பெரும்பாலும் அது தின்பது கேடிஸ் என்ற வேறு வகை ஆற்றுப்பூச்சி. எல்க் ஹேர் கேடிஸைக் கட்டுங்கள்.

நிலை தெரிந்தபிறகு அளவு, அதன்பிறகு உருவம், கடைசியில்தான் நிறம். மீன் கீழிருந்து வெளிச்சத்துக்கு எதிராகப் பார்க்கிறது. ஹெண்ட்ரிக்சனில் பெண் இளஞ்சிவப்பு, ஆண் செம்பழுப்பு என்று கடையில் இரண்டு வகை விற்பார்கள். ஒன்று போதும் என்பது என் அனுபவம். அளவில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: தொப்பியால் ஒரு பூச்சியை அள்ளி, ஃப்ளைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சந்தேகம் வந்தால் ஒரு எண் சிறியதையே எடுப்பேன். எண் கூடக்கூட முள் சிறிதாகும், இது புதியவர்களைக் குழப்பும்.

பெரிய பூச்சி கண்ணைப் பறிக்கும்போது, மீன் சில சமயம் 18, 20 எண் அளவிலான நீலச்சிறகு ஆலிவ் என்ற சின்ன மேஃப்ளையைத் தின்றுகொண்டிருக்கும். அதைப்போன்ற ஃப்ளையும் நாலைந்து வைத்துக்கொள்ளுங்கள். 14-ஆம் எண் ஃப்ளைக்கு 5எக்ஸ் நரம்பு (ஃப்ளையைக் கட்டும் நுனி இழை), அந்தச் சிறியவற்றுக்கு அதைவிட மெல்லிய 6எக்ஸ்.

எதைக் கட்டினாலும், நரம்பு இழுத்து ஃப்ளை தண்ணீரில் கோடு போட்டால் மீன் ஒதுங்கிவிடும். மீனை மறுக்க வைப்பது பாதி நேரம் இந்த இழுப்புதான். ஆகவே ஃப்ளையை மாற்றுவதற்கு முன் இரண்டடி நகர்ந்து நின்று, நரம்பைத் தளர்வாக விழவிட்டு, அதே ஃப்ளையை இன்னொரு முறை வீசிப் பாருங்கள்.