விங்ஸ் சாஸில் கலோரியே இல்லை என்றால் தாராளமாக ஊற்றிக்கொள்ளலாமா?

கோழி இறக்கையைப் புரட்டியெடுக்கும் விங்ஸ் சாஸில் கலோரி இல்லை என்று பாட்டிலில் போட்டிருப்பது உண்மைதான். ஆனால் அதே அட்டவணையில் சற்றுக் கீழே இருக்கும், உப்பின் அளவைக் காட்டும் சோடியம் என்ற வரியை நீங்கள் படித்திருந்தால் இந்தக் கேள்வியில் 'தாராளமாக' என்ற சொல் வந்திருக்காது. நீங்கள் உடல் எடையைக் குறைக்கிறவர், எண்ணெய் இல்லாமல் சுட்ட கோழி சப்பென்று இருக்கிறதே என்று சாஸ் தேடுகிறவர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வீட்டில் அம்மாவுக்கு இரத்த அழுத்தம் இருப்பதாகவும் கேள்வியில் சொல்லியிருக்கிறீர்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

விங்ஸ் சாஸும், கரி அடுப்பில் சுடும் கோழிக்குப் பூசும் இனிப்பான கிரில் சாஸும் கடையில் ஒரே தட்டில் அடுக்கப்பட்டிருந்தாலும் உள்ளே இருப்பது வேறு வேறு. கோழி இறக்கைக்கான காரச் சாஸ் அமெரிக்காவின் பஃபலோ நகரத்து ஆங்கர் பார் என்ற உணவகத்தில் 1964இல் பிறந்ததாகச் சொல்வார்கள். அங்கே மிளகாய்ச் சாஸில் வெண்ணெயை உருக்கிக் கலந்தார்கள். இன்று பாட்டிலில் வருவனவற்றுள் பலவற்றில் வெண்ணெய்க்குப் பதிலாக அதன் வாசனை மட்டும்தான் சேர்கிறது. மிச்சமெல்லாம் மிளகாய், வினிகர், தண்ணீர், உப்பு, பூண்டு. இவற்றில் கலோரி எங்கிருந்து வரும்? போதாக்குறைக்கு, ஒரு முறை பரிமாறும் அளவில் 5 கலோரிக்குக் குறைவாக இருந்தால் சுழியம் என்றே அச்சிட்டுக்கொள்ள அமெரிக்க விதி இடம் கொடுக்கிறது. ஆனால் இந்த வகைச் சாஸில் ஒரு மேசைக்கரண்டிக்கு 400 மில்லிகிராமைத் தாண்டிய சோடியம் இருப்பது சர்வ சாதாரணம். பத்து இறக்கைகளைப் புரட்டியெடுக்க மூன்று, நான்கு கரண்டி வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராம் சோடியத்துக்குள், அதாவது 5 கிராம் உப்புக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அதில் பெரும்பகுதி ஒரே தட்டில் தீர்ந்துவிடுகிறது. கோழியை ஊறவைத்த உப்பு இந்தக் கணக்கில் வரவில்லை.

கிரில் சாஸில் உப்போடு சர்க்கரையும் சேர்ந்துகொள்கிறது. இதை எங்கள் வீட்டிலேயே அளந்து பார்த்ததால் உறுதியாகச் சொல்கிறேன். புதுச்சேரி லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் பெங்களூரிலிருந்து வந்த அண்ணன் மகன் கரி அடுப்பு மூட்டினான். நான் கேக் செய்து விற்கிறவள் என்பதால் தராசு எப்போதும் சமையல் மேடையிலேயே இருக்கும். புதுப் பாட்டிலைத் திறப்பதற்கு முன்பும், எல்லோரும் கை கழுவிய பிறகும், அதே மூடியோடு எடை போட்டேன். "சாஸைப் போய் எடை போடுவீங்களா அத்தை?" என்று அவன் சிரித்தான். 300 கிராம் குறைந்திருந்தது. கரியில் சொட்டியது, தட்டில் ஒட்டியது என்று 50 கிராமைக் கழித்தாலும், சாஸ் தொட்டுக்கொண்ட ஐந்து பேருக்கும் தலைக்கு 50 கிராம். பாட்டிலில் பரிமாறும் அளவு என்று போட்டிருந்ததோ 15 கிராம். 100 கிராமுக்கு 40 கிராம் சர்க்கரையும் 800 மில்லிகிராம் சோடியமும் என்று அட்டவணை சொன்னது; ஆகவே ஆளுக்கு 20 கிராம் சர்க்கரை, அதாவது ஐந்து தேக்கரண்டி, வயிற்றுக்குள் போயிருக்கிறது. காபியில் அரைக் கரண்டி கூடினாலே முகம் சுளிக்கும் என் அண்ணி அந்த எண்ணைக் கேட்டதும் தராசை எட்டிப் பார்த்தார்கள்.

நம் நாட்டு லேபிள் விதிகளில், 2000 கலோரி உணவில் சேர்க்கப்பட்ட சர்க்கரைக்கு 50 கிராம் என்று கணக்கு வைத்துத்தான் சதவீதம் அச்சிடுகிறார்கள். அதில் ஐந்தில் இரண்டு பங்கு தொட்டுக்கொள்ளும் பொருளிலேயே முடிந்துவிட்டது. உட்பொருள் பட்டியலை எடை மிகுந்தது முதலில் வரும்படி எழுத வேண்டும் என்பதால், சர்க்கரை, குளுக்கோஸ் பாகு, கரும்புச் சர்க்கரைப் பாகு என்று தனித்தனியாகப் பிரிந்திருந்தால் ஒவ்வொன்றும் கீழே தள்ளப்பட்டுத் தக்காளி முதலில் நிற்கும். தேன் கலந்தது, வெல்லம் கலந்தது என்பதாலும் சர்க்கரைக் கணக்கு மாறாது.

இங்கே ஒரு மனக்குறையைச் சொல்லியே ஆக வேண்டும். வெளிநாட்டுப் பாட்டில்களில் இறக்குமதியாளர் பெயரும் விலையும் அச்சிட்ட ஒட்டுத்தாளைச் சரியாக ஊட்டச்சத்து அட்டவணையின் மேலேயே ஒட்டிவிடுகிறார்கள். கடையில் கேட்டால், "அதையெல்லாம் யாரும்மா படிக்கிறாங்க?" என்கிறார்கள். என் அப்பாவுக்கு உப்பைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் எழுதிக்கொடுத்த வீட்டில் நான் படிக்கிறேன். வெந்நீரில் ஊறவைத்துத் தாளை உரித்து, மிஞ்சிய பசையைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்த பிறகுதான் எழுத்துகள் தெரிந்தன. காசு கொடுத்து வாங்குகிறவருக்கு ஏன் இந்த வேலை? அப்படித் தெரிந்த சோடியம் எண்ணும் 15 மில்லிலிட்டருக்கான கணக்கு. பக்கத்திலிருந்த உள்ளூர்ப் பாட்டிலில் 100 கிராமுக்கான கணக்கு. வெளிநாட்டுப் பாட்டிலில் 460 மில்லிகிராம், உள்ளூர்ப் பாட்டிலில் 1500 மில்லிகிராம் என்று இரண்டையும் பார்த்தவுடன் வெளிநாட்டுச் சாஸில் உப்புக் குறைவு என்றே யாருக்கும் தோன்றும். 100 மில்லிலிட்டருக்கு மாற்றினால் அது 3000 மில்லிகிராமைத் தாண்டுகிறது. சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பு வரும்: ஏழரைக் கிராம்.

ஊறுகாயில் உப்பு இல்லையா, அப்பளத்தில் இல்லையா என்று சிலர் கேட்பார்கள். நிறையவே இருக்கிறது. அதனால்தான் அப்பாவுக்கு அவற்றையும் நிறுத்தியிருக்கிறோம். ஆனால் ஊறுகாயை யாரும் கோழியின் மேல் கிண்ணத்தோடு கவிழ்ப்பதில்லை. சாஸே கூடாது என்றும் நான் சொல்லவில்லை; அன்று நானும் விரும்பித்தான் சாப்பிட்டேன்.

நீங்கள் வாங்குவதானால் 100 கிராமுக்கான எண்களை மட்டும் ஒப்பிடுங்கள். விங்ஸ் சாஸ் என்றால், கோழியை உப்பில்லாமல் பூண்டும் மிளகும் எலுமிச்சையும் போட்டு ஊறவையுங்கள். உப்பு சாஸிலிருந்தே வந்துவிடும். உருக்கிய வெண்ணெய் சேர்த்தால் ஒரு மேசைக்கரண்டிக்குச் சுமார் 100 கலோரி கூடும், அதையும் கணக்கில் வையுங்கள். கிரில் சாஸைக் கோழி வெந்த பிறகு, கடைசி சில நிமிடங்களில் தூரிகையால் பூசினால் போதும். முன்பே பூசினால் சர்க்கரை கருகிக் கசக்கும், சொட்டுவதை ஈடுகட்ட மேலும் மேலும் ஊற்றுவீர்கள்.

உங்கள் அம்மாவுக்கு மட்டும், நான் என் அப்பாவுக்குச் செய்ததைப் போலத் தனியாக எடுத்துவையுங்கள். வற்றல் மிளகாயை வெந்நீரில் ஊறவைத்துப் பூண்டு, தக்காளி, வினிகரோடு அரைத்துக் கொதிக்கவிட்டால், உப்பை நாமே அளந்து போடலாம். உப்பும் சர்க்கரையும் குறைவாக இருப்பதால் அது நெடுநாள் தாங்காது, குளிர்பெட்டியில் வைத்து இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிட வேண்டும். சோடியம் குறைத்தது என்று விற்கும் பாட்டிலை அம்மாவுக்கு வாங்குவதற்கு முன், அதில் சாதாரண உப்புக்குப் பதிலாகச் சேர்க்கும் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறதா என்று பாருங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், சில இரத்த அழுத்த மாத்திரைகளை எடுப்பவர்களுக்கும் அது ஆகாது. மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.