திருட்டுத் தடுப்புக் கருவி செயலிழந்திருந்தால் காப்பீட்டுத் தொகை முழுவதும் பறிபோகுமா?

கேள்வி: எனது காரில் திருட்டுத் தடுப்புக் கருவி பொருத்தி, அதற்குரிய சான்றிதழைக் கொடுத்துக் காப்பீட்டுப் பிரீமியத்தில் தள்ளுபடி பெற்றிருந்தேன். கருவியுடன் சேர்ந்த ஜி.பி.எஸ். கண்காணிப்பின் ஆண்டுச் சந்தா முடிந்துபோனதைக் கவனிக்கத் தவறிவிட்டேன். வீட்டு வாசலில் பூட்டி நிறுத்தியிருந்த கார் ஓர் இரவில் திருடு போனது. மறுநாள் காலையே காவல் நிலையத்தில் புகார் கொடுத்தேன். அன்றே முதல் தகவல் அறிக்கை பதிவானது. கார் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் ஒன்பது நாள் கழித்தே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்தேன். கருவியை இயங்கும் நிலையில் வைத்திருக்கவில்லை, தகவல் தருவதில் தாமதம் செய்தேன் என்ற இரு காரணங்களைக் கூறி, நிறுவனம் எனது கோரிக்கையை முழுமையாக நிராகரித்துவிட்டது. பாலிசியில் காரின் மதிப்பு (ஐ.டி.வி.) 6 லட்சம் ரூபாய். வங்கிக் கடன் தவணையும் பாக்கி இருக்கிறது. சந்தாவை இப்போது புதுப்பித்து, கருவி வேலை செய்துகொண்டுதான் இருந்தது என்று சொல்லிவிடும்படி நண்பர் ஒருவர் கூறுகிறார். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: நண்பர் கூறுவதை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். சந்தா முடிந்த தேதியும் கருவி கடைசியாகத் தகவல் அனுப்பிய நேரமும் சேவை நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்கும். அவற்றைக் கேட்டுப் பெறுவது காப்பீட்டு நிறுவனத்துக்குக் கடினமான காரியமல்ல. இன்று உங்கள் பக்கம் வலுவான சட்ட நியாயம் இருக்கிறது. ஒரு பொய் அந்த நியாயத்தையே அழித்துவிடும். கவனக்குறைவை மன்னிக்கும் தீர்ப்புகள் பல உள்ளன. ஆனால் காப்பீடு உச்ச அளவு நம்பிக்கையை அடிப்படையாகக் கொண்ட ஒப்பந்தம் என்பதால், பொய்யான கோரிக்கைக்கு நீதிமன்றம் இரக்கம் காட்டாது.

முதலில், நீங்கள் பெற்ற தள்ளுபடியின் தன்மையைப் புரிந்துகொள்ள வேண்டும். வாகனக் காப்பீட்டுக் கட்டணங்களை வகுத்த 2002-ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் டாரிஃப் விதிப்படி, புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. என்ற வாகனச் சோதனை அமைப்பின் ஒப்புதல் பெற்ற திருட்டுத் தடுப்புக் கருவியைப் பொருத்தி, அதற்கு அங்கீகரிக்கப்பட்ட ஆட்டோமொபைல் சங்கத்தின் சான்றிதழும் பெற்றிருந்தால், சொந்தச் சேதத்துக்கான (அதாவது நம் வாகனத்துக்கே நேரும் சேதம், திருட்டு ஆகியவற்றுக்கான) பிரீமியத்தில் 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய், தள்ளுபடி இருந்தது. 2007 ஜனவரி முதல் சொந்தச் சேதப் பிரீமியத்தை நிறுவனங்களே நிர்ணயிப்பதால் தள்ளுபடியின் அளவு இன்று நிறுவனத்துக்கு நிறுவனம் மாறலாம். தள்ளுபடியோடு பாலிசியில் சேர்க்கப்படும் ஐ.எம்.டி. 10 என்ற இணைப்பு, பாலிசிக் காலம் முடியும் வரை அந்தக் கருவியைச் செயல்திறனுடன் பராமரிக்கும் பொறுப்பை வாகன உரிமையாளர் மீது வைக்கிறது. சில நூறு ரூபாய்ச் சலுகைக்காக ஆண்டு முழுவதும் ஒரு நிபந்தனையை ஏற்கிறோம் என்பதைப் பாலிசி விற்பவர்கள் பெரும்பாலும் எடுத்துச் சொல்வதில்லை. இது எனக்கு உண்மையான வருத்தத்தைத் தரும் விஷயம்.

உங்கள் வழக்கின் மையக் கேள்வி, ஐ.எம்.டி. 10 குறிப்பிடும் "அந்தக் கருவி" எது என்பதே. பொருத்தியபோது கிடைத்த சான்றிதழை எடுத்துப் பாருங்கள். சான்றளிக்கப்பட்டது உரிய சாவி இல்லாமல் எஞ்சினை இயங்கவிடாத இம்மொபிலைசராக இருந்து, ஜி.பி.எஸ். கண்காணிப்பு அதனுடன் விற்கப்பட்ட கூடுதல் சேவையாக மட்டும் இருந்தால், சந்தா முடிந்ததால் இம்மொபிலைசர் செயலிழந்துவிடாது. நிபந்தனை மீறப்பட்டது என்ற வாதமே அப்போது அடிபட்டுப்போகும். சந்தா இல்லாமலும் இம்மொபிலைசர் தொடர்ந்து இயங்கும் என்று கருவியைப் பொருத்திய நிறுவனத்திடமிருந்து எழுத்துமூலமாக ஒரு கடிதம் பெற முடிந்தால், அதைவிட மதிப்புள்ள ஆவணம் உங்களுக்கு வேறில்லை. பாலிசியின் விதிவிலக்கைச் சுட்டிக்காட்டிப் பணம் தர மறுக்கும் நிறுவனமே அந்த விதிவிலக்கு பொருந்தும் என்பதை நிரூபிக்க வேண்டும் என்று, இஷார் தாஸ் மதன் லால் வழக்கில் 2007-இல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. நிராகரிப்புக் கடிதத்தில் வெறுமனே "கருவி பராமரிக்கப்படவில்லை" என்று எழுதியிருப்பது நிரூபணமாகாது.

சான்றிதழில் கண்காணிப்புச் சேவையே பிரதானமாகக் குறிப்பிடப்பட்டிருந்தால் நிலைமை சற்று மாறும். அப்போது நிபந்தனை மீறல் ஒன்று நடந்திருக்கிறது என்பதை நேர்மையாக ஒப்புக்கொண்டு, அதன் விளைவு என்ன என்பதில்தான் வாதத்தை நிறுத்த வேண்டும். பாலிசி நிபந்தனை ஒன்று மீறப்பட்டாலே காப்பீடு முழுவதும் செல்லாமல் போய்விடாது என்ற நிலைப்பாட்டை உச்ச நீதிமன்றம் பல ஆண்டுகளாக எடுத்து வந்திருக்கிறது. தனியார் பயன்பாட்டுக்கெனப் பதிவான வாகனம் வாடகைக்கு ஓடும்போது பறிபோன நிதின் கண்டேல்வால் வழக்கிலும் (2008), வாடகைக்குச் சென்ற வாகனம் விபத்துக்குள்ளான அமலேந்து சாஹூ வழக்கிலும் (2010), கோரிக்கையை முழுவதும் நிராகரிக்காமல் 75 சதவீதம் வழங்கும் "நான்-ஸ்டாண்டர்டு" முறையே ஏற்கப்பட்டது. 2023-இல் தீர்ப்பான அசோக் குமார் வழக்கு இன்னும் பொருத்தமானது. ஓட்டுநர் சாவியை வண்டியிலேயே விட்டு இறங்கியதால் திருடு போன அந்த வாகனத்துக்கும் 75 சதவீதம் கிடைத்தது. சாவியை வண்டியில் விட்டவருக்கே முக்கால் பங்கு கிடைத்தபோது, வண்டியைப் பூட்டி வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த உங்களுக்கு ஒன்றுமே இல்லை என்பது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதல்ல.

75 சதவீதம் என்றால் உங்கள் கணக்கில் பாலிசி கழிவுகளுக்கு முன் நான்கரை லட்சம் ரூபாய். ஆனால் அதை எல்லையாக நீங்களே முன்வைத்துவிடாதீர்கள். முழுத் தொகையைக் கேளுங்கள், குறைந்தபட்சம் அந்தப் பங்கையாவது தர வேண்டும் என்பதை மாற்று வேண்டுகோளாக வையுங்கள். மீறலுக்கும் இழப்புக்கும் தொடர்பு இல்லாதபோது, அந்த மீறல் காப்பீட்டையே குலைக்கும் அளவுக்கு அடிப்படையானதல்ல என்று 1996-இல் நாகராஜு வழக்கில் கூறப்பட்டது உங்கள் முழுத் தொகைக் கோரிக்கைக்குத் துணை நிற்கும். இதில் ஒரு பலவீனம் இருக்கிறது. கண்காணிப்பு இயங்கியிருந்தால் கார் அன்றிரவே பிடிபட்டிருக்கும் என்று எதிர்த்தரப்பு வாதிடும். திருடர்கள் கருவியின் மின்னிணைப்பைத் துண்டிப்பதும் அலைவரிசையை முடக்குவதும் உண்டு என்பதால் அது ஊகம் மட்டுமே என்று பதில் சொல்லலாம்; ஆனாலும் நுகர்வோர் ஆணையம் இருபக்கமும் நோக்கி 75 சதவீதத்தில் நிற்கக்கூடும் என்பதற்கு மனத்தைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

தாமதம் என்ற இரண்டாவது காரணம் நிலைக்காது. திருட்டு பற்றிக் காவல்துறைக்கு உடனே தெரிவித்து முதல் தகவல் அறிக்கையும் பதிவாகியிருந்தால், காப்பீட்டு நிறுவனத்துக்குத் தாமதமாகத் தெரிவித்தது என்பதை மட்டும் காரணமாக்கி உண்மையான கோரிக்கையை மறுக்கக் கூடாது என்று, குர்ஷிந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2020 ஜனவரி 24-இல் தெளிவாகத் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் நிறுவனத்துக்குத் தகவல் போனது 52 நாள் கழித்து. உங்களுக்கு ஒன்பது நாள். 2022-இல் ஜெய்னா கன்ஸ்ட்ரக்ஷன் வழக்கில் இதே கருத்து மீண்டும் உறுதிசெய்யப்பட்டது. தாமதத்தை மட்டும் வைத்து இயந்திரத்தனமாகக் கோரிக்கைகளை நிராகரிக்க வேண்டாம் என்று காப்பீட்டுத் துறையை ஒழுங்குபடுத்தும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2011 செப்டம்பரிலேயே நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது.

இனி நடைமுறை. இந்த வாரமே நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்துமூலம் மறுபரிசீலனை கோருங்கள். பாலிசியும் அதன் இணைப்புகளும், கருவியின் சான்றிதழ், முதல் தகவல் அறிக்கை, நிராகரிப்புக் கடிதம் ஆகியவற்றின் நகல்களை இணைத்து, சந்தா முடிந்த தேதியை மறைக்காமல் நீங்களே குறிப்பிடுங்கள். இரண்டு அசல் சாவிகளையும் இதுவரை ஒப்படைக்கவில்லையென்றால், ரசீது பெறாமல் யாரிடமும் கொடுக்காதீர்கள். வாகனத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று காவல்துறை தாக்கல் செய்யும் இறுதி அறிக்கையின் நகலும் தேவைப்படும். அதற்காக நிலையத்தை அவ்வப்போது அணுகிக்கொண்டிருங்கள்.

ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்புட்ஸ்மேன்) செல்லலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்குமான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. அங்கே கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வைக்கவும் அனுமதியில்லை. என் தொழிலுக்கு அங்கே இடமில்லை என்றாலும், ஆவணங்கள் தெளிவாக உள்ள உங்களைப் போன்றவர்களுக்கு முதலில் அந்த வழியையே பரிந்துரைக்கிறேன். குறைதீர்ப்பாளரின் முடிவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். உங்களுக்கு நிறைவளிக்காவிட்டால் அதை ஏற்காமல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். ஆணையத்துக்கான காலவரம்பு இரண்டு ஆண்டுகள். நிராகரிப்புக் கடிதத்தின் தேதியிலிருந்தே அது ஓடிக்கொண்டிருக்கிறது என்று வைத்துத் திட்டமிடுங்கள். குறைதீர்ப்பாளரிடம் செல்ல ஓராண்டுதான். ஆணையத்தில் வழக்குத் தாக்கல் செய்த பிறகு அதே விஷயத்தைக் குறைதீர்ப்பாளரிடம் கொண்டுபோக முடியாது என்பதால் வரிசையை மாற்றிவிடாதீர்கள்.

கடன் தவணையை இதற்காக நிறுத்த வேண்டாம். கார் போனாலும் கடன் ஒப்பந்தம் உயிரோடு இருக்கிறது. இழப்பீடு வரும்போது நிலுவைக் கடனுக்குரிய தொகை முதலில் வங்கிக்கே போகும், மீதிதான் உங்களுக்கு. வாகனம் திருடு போனதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு எழுத்துமூலம் தெரிவித்து, ஃபாஸ்டாக்கையும் முடக்கிவையுங்கள். இழப்பீடு கைக்கு வருமுன் கார் கண்டெடுக்கப்பட்டால் அன்றே நிறுவனத்துக்கு எழுதுங்கள். இழப்பீடு பெற்று உரிமை மாற்றப் பத்திரங்களில் கையெழுத்திட்ட பிறகு கிடைத்தால், அந்த வாகனத்தின் மீதான உரிமை நிறுவனத்தையே சேரும்.